துரு தின்ற சைக்கிள் வீலை மறுபடி கட்டுவது எப்படி

வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் வழியில், கேரியரில் ஒரு மூட்டை பொட்டாஷ் உரத்தோடு போய்க்கொண்டிருந்தேன். பின் சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு போக்ஸ் கம்பி ஹப்பை (சக்கரத்தின் நடு உருளையை) ஒட்டிய வளைவில் அறுந்து ரிம்மிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வழியில் இருந்த கடையில் கம்பி மாற்றி, கோட்டம் எடுத்துக்கொண்டு, அதாவது சக்கரத்தின் கோணலை நிமிர்த்திக்கொண்டு, கிளம்பினேன். எட்டு நாளில் அடுத்த கம்பி போனது. அதற்கடுத்த வாரம் ஒரே நாளில் இரண்டு. மூன்றாம் முறை போனபோது கடைக்கார அண்ணன் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு நிமிர்ந்தார். "தம்பி, இனிமே கம்பி மாத்த வராதீங்க. வீலையே பிரிச்சுக் கட்டிடுங்க. ஒண்ணு போனா மத்ததும் அதே வயசுதானே?"

அந்த ஒரு பேச்சிலிருந்துதான் இதைக் கற்றுக்கொண்டேன். நம் பக்கத்துச் சைக்கிள்களில் துருப்பிடித்த கம்பியை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருப்பது வீண் வேலை. எல்லாக் கம்பியையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு, நல்ல ஹப்பையும் நல்ல ரிம்மையும் வைத்துப் புதிதாகக் கட்டினால் பல வருஷம் தொந்தரவு இருக்காது. முதல் தடவை ஒரு முழு மத்தியானம் ஆகும். பொறுமைதான் முக்கியமான கருவி. மற்றவை கடையிலேயே கிடைக்கும்.

நான் சொல்வது பெரிய சைக்கிளை வைத்து: 28 இன்ச் சக்கரம், ராடு பிரேக், முன்னால் 32 கம்பி, பின்னால் 40. விலையில்லா சைக்கிளோ, 26 இன்ச் சைக்கிளோ வைத்திருந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் 36 இருக்கும். எண்ணிப் பார்த்துவிட்டுப் படியுங்கள், முறை ஒன்றுதான்.

இங்கே மட்டும் ஏன் இவ்வளவு துரு

நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரை வரை கடற்காற்றில் உப்பு இருக்கிறது. 1930-ல் ராஜாஜி உப்பெடுத்த வேதாரண்யத்தில் இன்றும் உப்பளம் இருக்கிறது. அந்தக் காற்றில் நிற்கும் இரும்புக்கு நிம்மதி ஏது? ஆனால் கடலே தெரியாத மன்னார்குடி, பாபநாசம் பக்கத்திலும் கம்பிகள் போகின்றன. காரணம் வயல். வாய்க்கால் கரைச் சேறு ஹப்பைச் சுற்றி அப்பிக்கொண்டு, ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். அப்புறம் உரம். பொட்டாஷ் என்று நாம் போடுவது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்கு நெருங்கிய சொந்தம். 50 கிலோ மூட்டையிலிருந்து கேரியர் வழியாக ஒரு கைப்பிடி சிந்தினால் அது நேராகப் பின் ஹப்பின் மேல்தான் விழும். ஐப்பசி கார்த்திகை மழை அதைக் கரைத்துக் கம்பியின் கழுத்தில், அதாவது ஹப்பை ஒட்டிய வளைவில், தேக்கிவிடும். முன் சக்கரம் நன்றாக இருக்க, பின் சக்கரம் மட்டும் முதலில் போவதற்கு சுமையோடு இதுவும் ஒரு காரணம்.

என் சைக்கிளுக்கு இன்னொரு கதையும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது கொட்டகை சரிந்து, சைக்கிள் ஈரக் கீற்றுக்கடியில் வாரக்கணக்கில் கிடந்தது. மீட்டுத் துடைத்தபோது வெளியே எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. துரு, கம்பி முனையை ரிம்மில் பிடித்து இறுக்கும் நிப்பிளுக்குள் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.

சக்கரம் எப்படிச் சுமை தாங்குகிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கீழே இருக்கும் கம்பிகள் தூண் மாதிரி நின்று தாங்குகின்றன என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இரண்டு மில்லிமீட்டர் கம்பி நட்டுக்க நின்று ஆளையும் மூட்டையையும் தாங்க முடியுமா? வளைந்துவிடும். உண்மையில் எல்லாக் கம்பிகளையும் கட்டும்போதே இழுத்து முறுக்கி வைக்கிறோம். சுமை ஏறும்போது தரையை நோக்கியிருக்கும் சில கம்பிகளின் இழுப்பு கொஞ்சம் குறைகிறது, மேலே போனதும் திரும்ப வருகிறது. 28 இன்ச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். பத்து கிலோமீட்டர் போனால் ஒவ்வொரு கம்பியும் சுமார் 4,500 தடவை தளர்ந்து இறுகுகிறது. வழவழப்பான கம்பி இதை வருஷக்கணக்கில் தாங்கும். கழுத்தில் துரு ஒரு சின்னக் குழி பறித்துவிட்டால், அங்கிருந்து விரிசல் தொடங்கும். கம்பிகள் தொளதொளவென்று இருந்தால் இந்த ஆட்டம் இன்னும் அதிகம். அதனால்தான் தளர்ந்த வீலில் கம்பி சீக்கிரம் அறுகிறது.

பிரிக்க வேண்டுமா என்று எப்படித் தெரியும்

கம்பிகளை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். வெள்ளைப் பொடி மட்டும் வந்தால் அது துத்தநாகப் பூச்சு தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது, பயமில்லை. பழுப்புத்தூள் வந்து, அடியில் வழவழப்பான இரும்பு தெரிந்தாலும் ஓட்டலாம். நகத்தால் நெருடும்போது குழி குழியாகத் தட்டுப்பட்டால் அந்தக் கம்பியை நம்பாதீர்கள். கழுத்தைப் பார்க்க டார்ச் வேண்டும். ஹப் தட்டின் (கம்பிகள் கோத்திருக்கும் விளிம்பு வட்டத்தின்) ஓட்டையை ஒட்டி, சேற்றைக் குச்சியால் சுரண்டிவிட்டுப் பாருங்கள்.

கடைசிச் சோதனைதான் எனக்கு முக்கியம். கம்பியின் நடுவில் ஒரு துண்டு ஒட்டுத்தாளைக் கொடி மாதிரி ஒட்டிவிட்டு, நிப்பிள் சாவியால் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். கொடி அசையாமல் நின்றால் மரை உயிரோடு இருக்கிறது. கொடியும் சேர்ந்து திரும்பினால் உள்ளே துரு பிடித்துக்கொண்டது, கம்பிதான் முறுகுகிறது. அப்படி ஒரு வீலில் இனிக் கோட்டம் எடுக்கவே முடியாது. கழுத்தில் இரண்டு கம்பி அறுந்துவிட்டால், அல்லது நாற்பதில் ஐந்தாறு நிப்பிள் இப்படிப் பிடித்துக்கொண்டால் முழுவதையும் பிரித்துவிடுங்கள். இது என் கணக்கு, இதுவரை வருத்தப்பட்டதில்லை.

கம்பி வாங்குவது

பழைய கம்பியில் ஒன்றை முழுதாகக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போங்கள். அளவைக் கழுத்து வளைவின் உட்புறத்திலிருந்து மரை முனை வரை எடுக்க வேண்டும், தலையைச் சேர்க்கக் கூடாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நீளம் வேறு என்பதால் இரண்டிலும் ஒவ்வொன்று எடுங்கள். பின் சக்கரத்தில் இடம், வலம் இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்துவிடுங்கள். தடிமன் 14 கேஜ் என்றால் 2 மில்லிமீட்டர். கேஜ் எண் குறையக் குறைய கம்பி தடிக்கும். நெல் மூட்டை, பால் கேன் ஏற்றுகிறவர்கள் பின்னால் 13 கேஜ் கேட்பதுண்டு. அதற்கு ஹப் ஓட்டையும் நிப்பிளும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

மொத்த வியாபாரத்தில் போக்ஸ் கம்பியைக் குரோஸ் கணக்கில்தான் விற்பார்கள். ஒரு குரோஸ் 144. பெரிய சைக்கிளுக்கு 32-ம் 40-ம் சேர்ந்தால் 72, சரியாக அரைக் குரோஸ். நீளம் வேறு என்பதால் பிரித்துத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு அளவிலும் நான்கு கம்பி கூடுதலாக வாங்கி வையுங்கள்.

எந்த உலோகம்? கடற்கரையிலிருந்து காற்று வரும் தூரத்தில் இருப்பவர்களும் உரம் ஏற்றுபவர்களும் யோசிக்காமல் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். விலை கூடும், ஆனால் உழைப்பு உங்களுடையது, அதை இரண்டாம் முறை செலவழிக்க வேண்டியதில்லை. குரோம் பூச்சுக் கம்பி பளபளக்கும். பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அடியில் துரு ஓட ஆரம்பித்துவிடும். துத்தநாகப் பூச்சு மங்கலாக இருந்தாலும் அதைவிட மேல். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்பதைக் காந்தத்தால் சோதிக்கலாம். இழுத்து நீட்டிய கம்பி என்பதால் நல்ல ஸ்டெயின்லெஸ்ஸும் லேசாக ஒட்டும், அதைப் பார்த்துச் சண்டைக்குப் போக வேண்டாம். சாதாரண இரும்பு போலப் பட்டென்று ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். ஓர் ஓரத்தில் அரத்தால் கீறினால் மஞ்சள் தெரிய வேண்டும். அலுமினிய நிப்பிள் உப்புக்காற்றுக்கு ஆகாது.

இதோடு ஒரு நிப்பிள் சாவி, சின்னத் திருப்புளி, கட்டிங் பிளேயர், பிரீவீல் (பின் ஹப்பில் செயின் ஓடும் பல் சக்கரம்) கழற்றும் ரிமூவர், புதிய ரிம் டேப், கிரீஸ், கொஞ்சம் லின்சீடு ஆயில். பெயின்ட் கடையில் கேட்டால் தருவார்கள், ஆளி விதை எண்ணெய்தான். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

பிரிக்கும்போது: முதலில் பிரீவீல்

சக்கரத்தைக் கழற்றியதும் போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு ஓட்டை மேலே இருக்கும்படி ஒன்று, ஹப்பை நெருங்கி ஒன்று. கோக்கும்போது குழம்பினால் அதுதான் ஆசான்.

டயர், டியூப், டேப் எல்லாம் எடுத்தபிறகு, கம்பியைத் தொடுவதற்கு முன் பிரீவீலைக் கழற்றிவிட வேண்டும். நான் முதல் வீலில் இதைச் செய்யவில்லை. கம்பிகளை எல்லாம் வெட்டிவிட்டு, வெறும் ஹப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் மிதித்து இறுகிய பிரீவீலோடு ஒரு நாள் முழுக்கப் போராடினேன். கம்பிகள் இருக்கும்போது ரிம்மே பெரிய நெம்புகோல். ரிமூவரைப் பட்டறை வைஸில் நிற்க வைத்துக் கடித்து, அதன் மேல் சக்கரத்தைப் படுக்க வைத்து, பஸ் ஸ்டியரிங்கைத் திருப்புவது போல ரிம்மை இரண்டு கையாலும் இடஞ்சுழியாகத் திருப்பினால் வந்துவிடும். வராவிட்டால் முந்தின இரவே மரையில் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து விட்டு வையுங்கள். வீட்டில் வைஸ் இல்லையென்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள். பிரீவீலின் பல் வட்டம் ஹப் தட்டின் ஓட்டைகளை மறைத்திருக்கும் என்பதால், அதைக் கழற்றாமல் வலப்பக்கக் கம்பியை நுழைக்கவும் முடியாது.

அடுத்து கம்பிகள். இழுப்பில் இருக்கும் வீலில் ஒரே இடத்தில் வரிசையாக வெட்டிக்கொண்டே போனால் ரிம் ஒரு பக்கம் இழுபட்டுக் கோணிவிடும். திரும்பும் நிப்பிள்களை முதலில் ஆளுக்கு ஒரு சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று சுற்றில் வீல் முழுக்கத் தொய்ந்துவிடும். பிடித்துக்கொண்டவற்றை அப்புறம் வெட்டலாம். எதிரெதிரே மாற்றி மாற்றி வெட்டுங்கள். துண்டு தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வெட்டிய ஒரு நிப்பிளை நான் அரத்தால் நீளவாக்கில் தேய்த்துப் பிளந்து பார்த்தேன். வெளியே பித்தளை புதுசு போல மினுங்கியது. உள்ளே மரை இருந்த இடத்தில் செம்மண் மாதிரி ஒரு பொருக்கு. கம்பி முனை பென்சில் சீவியதுபோல் மெலிந்திருந்தது. இத்தனை நாள் சுமை தாங்கியது எதைப் பிடித்துக்கொண்டு என்றே புரியவில்லை.

ஹப், ரிம் மிஞ்சுமா

ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். பழைய டேப் தண்ணீரைக் குடித்து வைத்திருந்த இடமெல்லாம் கறுத்திருக்கும். ஒவ்வொரு கம்பி ஓட்டையையும் சுற்றி ஊசியால் குத்துங்கள். பொருக்கு உதிர்ந்து அடியில் கெட்டி இரும்பு இருந்தால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு கொடுத்துக் காயவிடலாம். ஓட்டையிலிருந்து மயிரிழை போல் விரிசல் ஓடினாலோ, ஊசி இறங்கினாலோ அந்த ரிம் வேண்டாம். சமதரையில் படுக்க வைத்தும் பாருங்கள். ஒரு பக்கம் கையளவு தூக்கிக்கொண்டு நின்றால் கம்பியால் அதை நிமிர்த்த முடியாது.

ஹப் பெரும்பாலும் பிழைக்கும். தட்டில் ஓட்டைகள் நீண்டு போகாமல், விளிம்பில் கீறல் இல்லாமல் இருந்தால் போதும். கையோடு ஓவராயிலிங் செய்துவிடுங்கள், வெறும் ஹப்பைக் கழுவுவது இப்போதுதான் எளிது. பெரும்பாலான பெரிய சைக்கிள்களில் பின்னால் பக்கத்துக்குக் கால் இன்ச் பால்ஸ் ஒன்பது, முன்னால் பக்கத்துக்கு 3/16 இன்ச் பால்ஸ் பத்து. பால்ஸ் ஓடும் கப், கோன் இரண்டிலும் குழி இல்லையென்றால் பால்ஸ் மட்டும் மாற்றிப் புது கிரீஸ் அடையுங்கள்.

கோப்பது

எல்லோரும் பயப்படும் இடம் இது. நிதானமாகப் போனால் பாய் முடைவதைவிடச் சுலபம். ஒரு கிண்ணத்தில் லின்சீடு ஆயிலை ஊற்றி, எல்லாக் கம்பிகளின் மரை முனையையும் அதில் தோய்த்து நிறுத்தி வையுங்கள். இறுக்கும்போது இது வழுக்கிக் கொடுக்கும். சில நாளில் உலர்ந்து பசை போல் மரையைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரையும் உள்ளே விடாது. தேங்காய் எண்ணெய் உலராது, அதனால் இதற்கு உதவாது.

பின் வீலின் ஹப்பில் பக்கத்துக்கு 20 ஓட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் பத்து இழுக்கும் கம்பி (மிதிக்கும்போது ரிம்மை இழுப்பவை), பத்து எதிர்க்கம்பி (எதிர்த்திசையில் சாய்பவை). ஆக நான்கு கூட்டம், கூட்டத்துக்குப் பத்து. ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தை மட்டும் நினையுங்கள்.

முதல் கூட்டம், பிரீவீல் பக்கத்து இழுக்கும் கம்பிகள். அந்தப் பக்கம் உங்களைப் பார்த்து, வால்வு ஓட்டை மேலே இருக்கட்டும். ரிம் ஓட்டைகளை உற்றுப் பார்த்தால் ஒன்று உங்கள் பக்கம், அடுத்தது எதிர்ப்பக்கம் என்று மாறி மாறிச் சாய்ந்திருக்கும். வால்வுக்கு வலப்புறம் முதல் ஓட்டை உங்கள் பக்கம் சாய்ந்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவதை. ஹப் தட்டின் ஓர் ஓட்டையில் கம்பியை வெளியிலிருந்து உள்ளே செருகுங்கள். தலை வெளியே தெரியும், கம்பி தட்டின் உட்புறமாக ஓடும். அதை அந்த ரிம் ஓட்டையில் விட்டு நிப்பிளை மூன்று நான்கு சுற்று மட்டும் மாட்டுங்கள். இதுதான் முதல் கம்பி, ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அடுத்தது, ஹப்பில் ஓர் ஓட்டை விட்டு அடுத்த ஓட்டை, ரிம்மில் மூன்று ஓட்டை விட்டு நான்காவது. இப்படியே பத்து கம்பியும் போட்டால் ஹப்பில் ஒன்று விட்டு ஒன்று நிரம்பியிருக்கும், ரிம்மில் கம்பிகளுக்கு நடுவே மூன்று மூன்று காலி.

இரண்டாம் கூட்டம், மறுபக்கத்து இழுக்கும் கம்பிகள். இரண்டு தட்டின் ஓட்டைகளும் நேருக்கு நேர் இருக்காது, ஒரு பக்கத்து ஓட்டை மறுபக்கத்து இரண்டு ஓட்டைக்கு நடுவில் வரும். அச்சுக்கு இணையாக ஒரு கம்பியை நேராக விட்டுப் பாருங்கள், தெரியும். கணக்கை எப்போதும் பிரீவீல் பக்கமிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். முதல் கம்பி வால்வுக்கு அடுத்த முதல் ஓட்டையில் இருந்தால் இது இரண்டாவதில் போகும், ஹப்பிலும் முதல் கம்பிக்குச் சற்று வலப்புறம் இருக்கும் ஓட்டை. முதல் கம்பி இரண்டாவதில் இருந்தால் இது முதலாவதில், ஹப்பிலும் சற்று இடப்புறம். இதுவும் வெளியிலிருந்து உள்ளேதான் செருக வேண்டும். பத்தும் முடிந்ததும் ரிம்மைச் சுற்றி விரலை ஓட்டுங்கள்: இரண்டு நிரம்பியது, இரண்டு காலி, இரண்டு நிரம்பியது, இரண்டு காலி. இந்த வரிசை எங்காவது தப்பினால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். பின்னால் திருத்த முடியாது.

இப்போது ரிம்மைப் பிடித்துக்கொண்டு, ஹப்பைப் பிரீவீல் பக்கமிருந்து பார்க்க வலஞ்சுழியாகத் திருகுங்கள். செயின் இழுக்கும் திசை அது. நேராக நின்ற கம்பிகள் எல்லாம் சாய்ந்துகொள்ளும். வால்வை ஒட்டிய கம்பி வால்வை விட்டு விலகிச் சாய வேண்டும். அப்படி இருந்தால்தான் காற்றடிக்கும் பம்பு முனை நுழையும்.

மூன்றாம் கூட்டத்தில்தான் பின்னல். பிரீவீல் பக்கம் காலியாக இருக்கும் ஓட்டையில் கம்பியை உள்ளிருந்து வெளியே செருகுங்கள். இது எதிர்த்திசையில் சாயும். போகும் வழியில் அதே பக்கத்து இழுக்கும் கம்பிகளைக் குறுக்கே கடக்கும். மூன்றை வெளிப்புறமாகக் கடந்து, நான்காவதன் உட்புறமாக நுழைத்து, தன் பக்கம் சாய்ந்த காலி ஓட்டையில் விடுங்கள். கம்பி கொஞ்சம் வளையும், பயப்பட வேண்டாம். 32, 36 கம்பி வீல் என்றால் மூன்று கடப்பு: இரண்டை வெளியே, மூன்றாவதை உள்ளே. கம்பி எட்டவே இல்லை, அல்லது விரற்கடை மிஞ்சுகிறது என்றால் கடப்பை எண்ணுவதில் தவறியிருக்கிறீர்கள். சக்கரத்தைத் திருப்பி மறுபக்கமும் இப்படியே முடித்தால் நான்காம் கூட்டமும் ஆயிற்று. எடுத்து வைத்த படத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

இறுக்குவதும் கோட்டம் எடுப்பதும்

முதலில் எல்லா நிப்பிளும் ஒரே நிலைக்கு வர வேண்டும். திருப்புளியால் மரை வெளியே தெரியாத அளவுக்கு மட்டும் நாற்பதையும் இறக்குங்கள். வால்விலிருந்து தொடங்கி வால்வில் முடியுங்கள், அப்போதுதான் விட்டுப்போகாது. வெளிப்புறமாக ஓடும் கம்பிகளின் கழுத்தைக் கட்டை விரலால் ஹப் தட்டோடு அழுத்திப் படிய வையுங்கள். அப்புறம் எல்லாவற்றுக்கும் அரைச் சுற்று, மறுபடி அரைச் சுற்று. கம்பிகள் இலேசாக விறைக்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள்.

சைக்கிளைக் கவிழ்த்து, வீலை மாட்டிச் சுற்றிவிடுங்கள். ஸ்டாண்டு தேவையில்லை. ஒரு ஈர்க்குச்சியை டியூப் ரப்பரால் பின் ஃபோர்க்கில் கட்டி, முனை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்தால் போதும். உரசும் இடத்தில் சாக்பீஸால் குறியிடலாம். மேலே நிற்கும் ரிம்மை டயர் பக்கமிருந்து குனிந்து பார்க்கும்போது நிப்பிளை வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுக்கம். ரிம் வலப்பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்து இடக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, வலக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஓரிடம் ஹப்பை விட்டு வெளியே துருத்தினால் அங்கே இரண்டு பக்கமும் இறுக்க வேண்டும், உள்ளே பதிந்திருந்தால் தளர்த்த வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். 14 கேஜ் கம்பியில் இன்ச்சுக்கு 56 மரை, ஒரு முழுச் சுற்றே கம்பியை 0.45 மில்லிமீட்டர்தான் இழுக்கிறது. ஆனாலும் கால் சுற்றின் வித்தியாசம் ஈர்க்குச்சியில் நன்றாகத் தெரியும்.

ராடு பிரேக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை, ரிம்மின் உள்வட்டத்தைத்தான் மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. அதனால் பக்க ஆட்டத்தைவிட மேல்கீழ் ஆட்டம்தான் உங்களைத் தொந்தரவு செய்யும். வட்டம் சரியில்லாத வீலில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும். கடையில் அவசரத்துக்குக் கோட்டம் எடுப்பவர்கள் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுப்பதுண்டு. நீங்கள் வட்டத்தை முதலில் முடியுங்கள், பக்கத்தை அடுத்து எடுங்கள். இரண்டும் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தால் அருமையான வேலை.

ரிம் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வீலைக் கழற்றி இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். ஈர்க்குச்சிக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி இரண்டு முறையும் ஒன்றாக இருந்தால் நடு. பிரீவீல் பக்கத்துக் கம்பிகள் மறுபக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இறுக்கமாக நிற்பது இயல்பு.

இறுக்கம் எவ்வளவு? காதால்தான். ஒரே பக்கத்துக் கம்பிகளை நகத்தால் மீட்டிக்கொண்டே வாருங்கள். தம்புரா சுருதி சேர்க்கும்போது போல, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஒலி தர வேண்டும். 'டொக்' என்பது தளர்வு, மற்றதைவிடக் கீச்சென்று ஒலிப்பது மிகை. எந்த ஒலியில் நிறுத்துவது என்று தெரிய, பக்கத்து வீட்டுப் புது சைக்கிளை ஒருமுறை மீட்டிப் பாருங்கள்.

கடைசி நேரத்தில் கம்பி நிப்பிளோடு சேர்ந்து முறுகும். கொஞ்சம் தாண்டித் திருப்பி, திரும்பப் பின்னால் வாருங்கள். இறுக்கம் வந்தபிறகு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரே பக்கத்தில் ஏறக்குறைய இணையாக ஓடும் இரண்டிரண்டு கம்பிகளைப் பலமாகப் பிழியுங்கள். வீல் முழுக்கச் சுற்றி வாருங்கள். 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும், கழுத்துகள் தம் இடத்தில் உட்காருகின்றன. உடனே கோட்டம் கொஞ்சம் திரும்பியிருக்கும். சரி செய்யுங்கள், மறுபடி பிழியுங்கள். பிழிந்தாலும் வீல் மாறவில்லை என்ற நிலை வரும்வரை இதைச் செய்ய வேண்டும். வீடுகளில் கட்டும் வீல்கள் சீக்கிரம் தளர்வதற்கு இதை விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

மாட்டுவதும் பிறகு பார்ப்பதும்

ரிம்முக்குள் நிப்பிளைத் தாண்டித் துருத்தும் கம்பி முனைகளை அரத்தால் ராவுங்கள். விரலை ஓட்டினால் ஒன்றும் குத்தக் கூடாது, குத்தினால் டியூபையும் குத்தும். புது டேப், டியூப், டயர். பிரீவீல் மரைக்குக் கிரீஸ் தடவிக் கையால் மாட்டினால் போதும், மிதிக்க மிதிக்கத் தானே இறுகும்.

முதல் நாள் சுமை ஏற்றாதீர்கள். வெறும் சைக்கிளில் ஊருக்குள் ஒரு சுற்று போய் வந்து, ஈர்க்குச்சியைக் கட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி. இந்த இரண்டு தடவையும் ஒன்றிரண்டு நிப்பிளைத் தொட வேண்டியிருக்கும், அதன் பிறகு வீல் அடங்கிவிடும். அதற்கப்புறம் கொள்முதல் நிலையத்து 40 கிலோ நெல் சிப்பத்தையோ, 45 கிலோ யூரியா மூட்டையையோ ஏற்றலாம்.

உரம் ஏற்றிய அன்று ஒரு வாளி நல்ல தண்ணீரை ஹப் மேல் ஊற்றிக் கழுவித் துடையுங்கள். மழை தொடங்குமுன் எண்ணெய்த் துணியால் கம்பிகளையும் நிப்பிள்களையும் ஒரு துடை. பிரேக் கட்டை படும் ரிம் பகுதியில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. மிச்சமிருக்கும் நான்கு கம்பிகளை நிப்பிளோடு சேர்த்து, சீட்டுக்கு அடியில் போகும் பைப்போடு இன்சுலேஷன் டேப்பால் சுற்றி வைத்திருக்கிறேன். கட்டி மூன்றாவது மழைக்காலம் இது, அந்த டேப்பை இன்னும் பிரிக்கவில்லை.